பாதிரி வயலில் பதினோரு ஏக்கர்

ஹிலரி கெரிட்ஜ் நேற்றிரவு போன் செய்தாள்.
பாதிரி வயலில் பதினோரு ஏக்கர்,
தெற்கு மூலை, கேட்டிலிருந்து ஓக் மரம் வரை.
'எல்லாவற்றையும் கொன்றுவிடு' என்றாள்.
கோதுமையையுமா என்று நான் கேட்கவில்லை.
இரண்டையும் பிரித்துக் கொல்லும் மருந்து
இப்போது எங்களிடம் இல்லை.

சஃபோக் களிமண்.
மழையில் பூட்ஸை விடாது,
வெயிலில் கை நுழையும் அளவு வெடிக்கும்.
அந்த வெடிப்புகளில் விழுந்து உறங்குகிறது
கருங்கதிர்ப் புல்.
முளையில் அது கோதுமைக்கு ஒன்றுவிட்ட தங்கை;
அடித்தண்டு சிவப்பென்று குனிந்தால்தான் தெரியும்.
மே மாதம் குனிய வேண்டாம்.
கோதுமைத் தலைக்கு மேலே ஒரு சாண்
எலிவாலாய்க் கறுத்து ஆடும்.

மருந்து என்றுதான் சொல்கிறோம்.
முதல் வருடம் அடித்தேன், வாடியது.
மூன்றாம் வருடம் மஞ்சளாகிக் கொஞ்சம் யோசித்தது.
ஆறாம் வருடம்
காலைத் தேநீரைப் போலக் குடித்துவிட்டு
நிமிர்ந்தது.
ஆழ உழுது புதைத்தாள்.
அடுத்த உழவு
புதைத்ததைப் பத்திரமாக எடுத்து அவளிடமே கொடுத்தது.

காலை ஐந்தரை. இலை அசையவில்லை.
தெளிப்பானின் இரு கைகளையும் விரித்தேன்,
இருபத்துநான்கு மீட்டர்.
இறங்கிப்போய் ஒரு கதிரைக் கிள்ளி
நகத்தால் மணியை நசுக்கினேன்.
பால் பிடித்திருந்தது.
நசுக்கியிருக்கக் கூடாது.

ஹிலரி கேட்டருகே நின்றாள், கையில் எதுவுமில்லாமல்.
முப்பது டன்னாவது தேறும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.
அல்லது புல்லின் கணக்கை:
ஒரு தூருக்கு எத்தனை கதிர், ஒரு கதிருக்கு எத்தனை விதை,
இன்னும் பத்து நாளில் உதிரத் தொடங்கினால்
இன்னும் எத்தனை வருடம்.

போய்த் திரும்பினேன். போய்த் திரும்பினேன்.
செத்துவிட்டோம் என்று பயிருக்குத் தெரிய
ஐந்தாறு நாள் ஆகும்.
அதுவரை பச்சையாகவே நிற்கும்,
காற்று வந்தால் வழக்கம்போல் அலையடிக்கும்.

இனி நான் சொல்ல வேண்டியது.
எட்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை.
மழை வரும் என்றார்கள்.
ஓர்டன் பண்ணையில் அறுத்த கையோடு
கம்பைனை நேரே இங்கே ஓட்டிவந்தேன்.
உள்ளே துடைக்க ஒன்றரை மணி நேரமாகும்.
துடைக்கவில்லை.
இந்தக் கேட் வழியாக நுழைந்து
இந்த மூலையில்தான் முதலில் இறக்கினேன்.
மழையும் வரவில்லை.

வேலை முடிந்து வண்டியில் ஏறப் போனேன்.
'பூட்ஸை இங்கேயே தட்டிவிட்டுப் போ' என்றாள்.
தட்டினேன்.
'அன்றைக்குக் கம்பைனையும் தட்டியிருக்கலாம்.'
ஓக் மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.
குரல் உயரவில்லை.
சேரவேண்டிய பணத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருந்தாள்,
ஒரு பென்னி குறையாமல்.

செப்டம்பரில் ஊரெல்லாம் விதைத்தது. அவள் விதைக்கவில்லை.
மேல்மண்ணைக் கீறிவிட்டுக் காத்திருந்தாள்.
வயல் ஆசையாய்ப் பச்சையானது, என்னைக் கூப்பிட்டாள்.
மறுபடி பச்சையானது, மறுபடி கூப்பிட்டாள்.
மதுக்கடையில் ரெஜ் தர்ட்டில்
'கெரிட்ஜ் இந்த வருடம் வெறும் புல்தான் பயிரிடுகிறாளாம்' என்றான்.
சிரித்தார்கள். நானும்.
மார்ச்சில் பார்லி,
எலி நுழைய இடமில்லாத நெருக்கத்தில்.

இந்த ஜூன் முதல்
ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், பழைய உரச் சாக்கோடு.
அவள் ஒரு டிராக்டர் தடத்தில், நான் அடுத்ததில்.
கூலி பேசவில்லை.
வரவேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை.
வேரோடு இழுத்து, தலை கவிழாமல் சாக்கில் போட வேண்டும்.
களிமண் இறுகியிருந்தால் தண்டு அறும்,
பிறகு விரல்தான் கொத்து.
போன ஞாயிறு எனக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு நாற்பது.
நூற்றிரண்டு நல்ல எண்ணா என்று இருவருக்கும் தெரியாது.

இன்று ஜூலை பிறந்துவிட்டது.
கேட்டருகே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன்,
பூட்ஸைக் கவிழ்த்தேன், நாக்கை இழுத்துப் பார்த்தேன்.
காலுறைப் பின்னலில் ஒன்று,
நொய்யரிசியில் பாதி, மீசை முளைத்தது.
யாரும் பார்க்கவில்லை.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

ஹிலரி, என்று கூப்பிட்டேன்.