மிச்ச உயரம்

சுங்கத்தில் பனிக்கோடரியைப் பிரித்தவர்
நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு என் பெயரைப் பார்த்தார்.
பிறகு மறுபடியும் கோடரியை.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.
'தோட்டக் கருவி' என்று எழுதி
முத்திரை குத்தினார். நன்றி ஐயா.
பூச்செடி ஒன்றுகூட நான் வளர்ப்பதில்லை.

வெள்ளவத்தை. கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி
பதினான்கு மாடி.
முதுகில் இருபது கிலோ சம்பா அரிசி,
காலில் பனிச் சப்பாத்து.
சித்திரை வெக்கையில் அதற்குள்
வியர்வை குளம் கட்டும்,
மூன்றாம் மாடியிலேயே குதி வழுக்கும்.
'லிஃப்ட் வேலை செய்யுது மிஸ்' என்பார் விமலசேன
ஒவ்வொரு நாளும், பொறுமையாக,
எனக்குத் தெரியாது என்பதுபோல.

மெர்லின் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாள்.
எட்டாம் மாடி ஜன்னல் கம்பியில்
முடிச்சுப் பழகுவோம்,
கண்ணை மூடி, கையுறையோடு,
யாரோ பொரிக்கும் நெத்தலி மணக்க.

அங்கே
இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டோம்.
வெயில் ஏறுமுன் பனிப்பாலங்களைக் கடந்துவிட வேண்டும்.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
அவளுடைய குதிகால், கயிறு.
ஓர் அடி, மூன்று மூச்சு.
ஓர் அடி, ஐந்து.
போத்தலில் தண்ணீர் கல்லாகிவிட்டது.
பத்து மணிக்கு உச்சி தெரிந்தது,
கொட்டிவைத்த உப்புப்போல, அவ்வளவு கிட்ட.
மெர்லின் தன் தாயின் பெயர் சொல்லி
என்னைக் கூப்பிட்டாள்.
ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.
உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

ஒரே கயிற்றில் இரண்டு பேர்.
யோசிக்க நேரம் எடுத்தேன் என்பதை
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.
கயிற்றுக்குத் தெரியும்.

திரும்பியபோது மானியைப் பார்த்தேன்:
நாற்பத்திரண்டு மீற்றர் மிச்சம்.

'மேலுக்குப் போனனீங்களோ?' என்று
மீன் வாங்குமிடத்தில் கேட்கிறார்கள்.
சில நாள் ஓம் என்கிறேன்.

பதினான்கு மாடி, மாடிக்கு மூன்று மீற்றர்.
கணக்கை நான் தேடிப் போகவில்லை,
படியில் அதுவாக எதிரே வந்தது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி,
காயப்போட்ட பள்ளிச் சட்டைகள்.
பாணந்துறை ரயில் கடலை உரசிக்கொண்டு போகிறது.
இளைத்து இளைத்து மெர்லின் வந்து சேர்கிறாள்.
மன்னித்துக்கொள் என்று அவள் சொன்னதில்லை.
நானும்.

அரிசி மூட்டையில் ஓர் ஓட்டை.
பதினான்கு மாடிக்கும் சிந்தியிருக்கிறது.
விளக்குமாற்றோடு ஏறி வருகிறார் விமலசேன,
ஒவ்வொரு படியாக.