அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

நான் காரில் போனது மூன்று தடவை.
மூன்றும் ஆஸ்பத்திரிக்கு.
ஆனாலும் ஜெர்மனியில்
எத்தனை லட்சம் பெட்ரோல் மூடிக்குள்
என் கைரேகை கிடக்கும் என்று
கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

கப்பலூர் சிட்கோ, கடைசிக்கு முந்தின ஷெட்.
கறுப்பு ரப்பர் வளையம்,
உள்விட்டம் அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.
பிசிறு, கீறல், குமிழி
ஏதாவது இருக்கிறதா என்று
லென்ஸுக்குக் கீழே ஒரு சுற்று சுற்றி
நல்லதை வலப்பக்கம், கெட்டதை இடப்பக்கம்.
ஒன்றுக்கு நாலு செகண்டு.
பதினோரு வருஷம்.

சோதனைக்கென்று ஒன்றிரண்டை
மூன்று நாள் பெட்ரோலில் ஊறப் போட்டு
எடை பார்ப்பார்கள். உப்பினால் தோல்வி.
'நாமளும் இதே வாடையிலதான் ஊறுறோம்,
நம்மள எவன் நிறுத்துப் பாக்குறான்?' என்பாள் பேச்சி.
சிரிப்போம்.
சூப்பர்வைசர் ஜெயசீலன் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

தையில் ஆர்டர் பாதியானது.
மாசியில் அதில் பாதி.
பங்குனியில் ஒரு மெயில்.
'அங்க எல்லாம் கரண்டு காருக்கு மாறுறாங்களாம்'
என்றார் ஜெயசீலன்,
மழை வருமாம் என்கிற மாதிரி.
மூடியே இல்லாத கார்.
மூடி இல்லையென்றால் வளையம் எதற்கு?

கேன்டீனில் சகாயராணி கேட்டாள்:
'ஊரே மாறினா காத்து சுத்தமாகும்ல? நல்லதுதானே?'
நல்லதுதான்.
டோல்கேட் புகையில் என் மகனுக்கு இழுப்பு வரும்.
அந்த மூன்று கார்ப் பயணமும் அவனுக்காகத்தான்.
நல்லதுதான் என்று நானும் சொன்னேன்.
சோறு மட்டும் இறங்கவில்லை.

வைகாசியில் புது அச்சு வந்தது.
லாரியிலிருந்து இறக்க கிரேன் வேண்டியிருந்தது.
இதுவும் வளையம்தான்,
காருக்கு அடியில் பேட்டரிப் பெட்டியை மூடுகிற வளையம்.
சுற்றளவு ஆறு மீட்டர்.
பழையது பெட்ரோலை வெளியே விடக் கூடாது.
புதியது தண்ணீரை உள்ளே விடக் கூடாது.
இனி ஊறப் போடுவது தண்ணீரில்.
வாடையே இல்லை.

உட்கார்ந்து பார்க்கிற சாமான் இல்லை இது.
ஒரு முனையை நானும் மறு முனையை சகாயராணியும் பிடித்து
ஈரச் சேலையை உதறி மடிக்கிற மாதிரி
இழுத்து, நகர்த்தி,
இழுத்து, நகர்த்தி.
இத்தனை வருஷத்தில் இப்போதுதான்
வேலை நேரத்தில் ஒருத்தி முகத்தைப் பார்க்கிறேன்.
இடது கண்ணுக்குக் கீழே
மச்சம் இருக்கிறது அவளுக்கு.

எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும்.
முழங்கால் வீங்கிய பேச்சியால் ஆகாது.
முப்பத்து நாலு பேரில் பதினாறு போதும் என்றார்கள்.
பெயர் வாசித்து முடித்ததும் பேச்சி
லென்ஸை முந்தானையால் துடைத்து
உறைக்குள் போட்டு
மேஜையில் நேராக வைத்தாள்,
நாளைக்கும் வருகிறவள் மாதிரி.

இன்று ஷிப்ட் முடிந்து
திருமங்கலம் பங்கில் வரிசை.
சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தேன்.
நூறு ரூபாய்க்கு என்றேன்.
பையன் பைப்போடு நிற்க,
என்ன தோன்றியதோ
மூடிக்குள் விரலை விட்டுத் தடவினேன்.
வளையம் மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது.
லட்சக்கணக்கில் பார்த்தவள்
இதை மட்டும் பார்த்ததில்லை.

பர்ஸில் ஒன்று கிடந்தது.
கடைசி நாள்
இடப்பக்கப் பெட்டியிலிருந்து எடுத்தது.
ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள்.
பொருத்திப் பார்த்தேன். பெரிது.
'யக்கா, வண்டிய நகத்துங்க'
என்கிறான் பின்னால் ஒருத்தன்.
சட்டென்று எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையில் மாட்டிக்கொண்டேன்.
கச்சிதமாக இருந்தது, வளையல் மாதிரி.

ராத்திரி மகனுக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கும்போது
'என்னம்மா இது, கறுப்பா?' என்றான்.
கழற்றப் பார்த்தேன்.
சோப்பு போட வேண்டியிருந்தது.