பென்சில்காரர்

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை மாடியில்
ஹாஜா மைதீன் வாடகைக்கு விடும் நாவல்களில்
எல்லா ஊரும் சின்ன ஊர்தான்.
ஒரு ஆறு, ஒரு ஸ்டேஷன், ஒரு மாமரம்.
கோபக்காரன் ஒருவன் பெங்களூரிலிருந்து
காரில் வந்து இறங்குவான்
நிலத்தை விற்க.
விற்க மாட்டான்.
அது எனக்கும் தெரியும், அட்டைப் படத்துக்கும் தெரியும்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டை நகராது, நானும் நகர முடியாது.
நெல் காயும்வரை நாவல்.
திருப்பிக் கொடுக்கும்போது
பக்கங்களிலிருந்து உமி உதிர்கிறதென்று
ஹாஜா முணுமுணுப்பார்.

எனக்கு முன்பே எல்லாவற்றையும்
யாரோ படித்திருக்கிறார்கள்.
கையில் பென்சிலோடு.

சித்திரை மாதம் வெண்ணாறு இரு கரை தொட்டு ஓட
கதாநாயகி கால் நனைக்கிறாள்.
ஓரத்தில் பொடி எழுத்து:
'மேட்டூர் திறக்கவில்லை. மணல்தான் இருக்கும்.'
ரயிலைப் பிடிக்க அவன் பைக்கில் பறக்கிறான்
நீடாமங்கலம் வழியாக, நான்கே நிமிடத்தில்.
'கேட் மூடியிருக்குமே.'
முதல் முத்தம். வரப்பு, பௌர்ணமி.
'கொசு.'
ஒரே சொல்.
சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து நான் சிரித்ததில்
சுமை தூக்குபவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆணா பெண்ணா தெரியாது.
'ழ'வுக்கு வால் நீளம்.
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலராக இருக்கலாம்,
மருந்துக்கடையில் நிற்கும் பெண்ணாக இருக்கலாம்.
ஹாஜாவிடம் கேட்டேன்.
"வாசகர் விவரம் வெளிய சொல்றதில்லம்மா" என்றார்,
பேங்க் மேனேஜர் மாதிரி.

ஒன்றை மட்டும் அந்தப் பென்சில் தொடவே இல்லை.
ஐம்பத்திரண்டு நாவல் படித்துவிட்டேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள்,
மாமியார் வளையலைக் கழற்றிப் போட்டுவிட்டார்,
ஒருவர்கூட
"நீங்க எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை.
அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.
தெரியாமல் விட்டதா,
அந்த ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டும்
என்று விட்டதா.

போன தையில் ஒரு நாவல்.
பக்கம் 164. மண்டபம், மாவிலை, கெட்டிமேளம்.
பத்துப் பக்கம் முன்னால்தான்
ஆடி பிறந்ததென்று எழுதியிருந்தார் ஆசிரியர்.
மறந்துவிட்டார் போல.
பென்சில் அழுத்திய அழுத்தில்
தாள் கிழிந்திருந்தது:
'ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்?'

முப்பது மூட்டை எடை போட வேண்டியிருந்தது.
போட்டேன்.
பில் எழுதிய அதே பேனாவால்
கீழே எழுதினேன்:
'நாங்கள் வைத்தோம்.'

ஆடி ஏழு. செவ்வாய்க்கிழமை வேறு.
பதிவாளர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.
எங்கள் தெருவும் அவர் தெருவும்
அந்த மாதத்தில் இப்படியொன்றை எதிர்பார்க்காது
என்பதுதான் எங்கள் முகூர்த்தம்.
புடவை, ஆடித் தள்ளுபடி.
சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும்.
அறுவடை மெஷின் ஓட்டும் கூட்டாளிகள் இருவர்,
மூன்றாவது,
வில்லங்கச் சான்று வாங்க வந்திருந்த
முன்பின் தெரியாத ஒரு மனிதர்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
"சாப்பாடு எங்கப்பா?" என்று கேட்டார்.
பரோட்டா வாங்கிக் கொடுத்தோம்.
திரும்பும்போது பாமணியாற்றில்
புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, குப்பையைத் தள்ளிக்கொண்டு.
இதைப் பென்சில்காரர் நம்புவார்.
மாதம் சரிதான்.

பங்குனியில் அதே புத்தகம்
மறுபடி கைக்கு வந்தது.
கேள்வியை ரப்பரால் அழித்திருந்தார்.
கிழிசல் மட்டும் இருந்தது.
கீழே என் நீல மை,
யாரும் கேட்காத ஒன்றுக்குப் பதிலாக.

வீரையன் நாவல் படிப்பதில்லை.
கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் துடைத்தபடி
இரவில் அவர் கேட்பது ஒன்றே ஒன்று:
"சேந்துட்டாங்களா, தையலு?"

இன்னும் பதினாறு பக்கம் இருக்கிறது
என்றேன்.