ஈயம் போன கூரை

செவ்வாய் காலை ஹெம்பிள்தோர்ப் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.
காப்பீட்டுப் படிவம் நான்கு பக்கம்,
அளவு நாடா, ஈரம் புகாத பூட்ஸ்.
வடக்குப் பக்கக் கூரையில் இரண்டு டன் ஈயம்.
ஞாயிறு இரவு உரித்துக்கொண்டு போய்விட்டார்கள்,
முயலைத் தோலுரிப்பதுபோல், அவ்வளவு சுத்தம்.
திங்கள் முழுக்க மழை.

வாசலில் மியூரியல் லார்ட்டர்.
பன்றிப் பண்ணைக்காரி. கோவில் சாவியும் அவளிடம்தான்.
"படி இருக்கிறது, பார்த்து இறங்குங்கள்."
கோவில் அமிழவில்லை.
வெளியே தரைதான் உயர்ந்திருக்கிறது:
எண்ணூறு வருடப் பிணங்கள்
ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுத்துப் படுத்து
புல்லைச் சன்னல் விளிம்புவரை தூக்கிவிட்டன.

முதல் கேள்வி: கட்டிய ஆண்டு.
கோபுரம் உருண்டை, சிக்கிமுக்கிக் கல்.
மூலைக்கு வைக்க நல்ல கல் இந்தப் பக்கம் கிடையாது,
மூலையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.
நடுக்கூடம் அதற்கு நூறு வருடம் இளையது.
பீடப்பகுதி வடக்கே ஒரு முழம் கோணல்:
சிலுவையில் சாய்ந்த தலை என்பார் பாதிரியார்,
கயிறு பிடித்தவன் குடித்திருந்தான் என்கிறாள் மியூரியல்.
முகமண்டபம் ஒரு கம்பளி வியாபாரியின் காசு;
அவன் பெயர் தேய்ந்துவிட்டது,
அவன் ஆடு இன்னும் கொழுகொழுவென்று நிற்கிறது.
படிவத்தில் நான்கு இலக்கத்துக்குத்தான் கட்டம்.
"பழையது" என்று எழுதினேன்.

அடுத்தது: ஏற்கெனவே இருந்த சேதம்.
வடக்கு வரிசையில் ஆறு தூண்.
ஐந்தின் தலையில் ஓக் இலை, இலைக்குக் கீழே
கொட்டை பொறுக்கும் பன்றிகள்,
ஐந்தாவதில் கூடுதலாய் ஒரு நத்தை, கொம்பு உட்பட.
ஆறாவது வெறும் கட்டி.
உளி பட்ட மூன்று கீறல்.
அந்த வருஷம் கொள்ளைநோய்.
பிறகு வேறு ஆள் வரவில்லை,
அல்லது வந்தவன் தொடவில்லை.
ஆம், இல்லை, ஒன்றை அடிக்கச் சொல்கிறது படிவம்.
பேனாவை மூடினேன்.

தரையில் நான்கு வாளி, ஒரு குழந்தைக் குளியல் தொட்டி.
சொட்டுக்குச் சொட்டு வேறு வேறு சத்தம்.
வாசலுக்கு எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு
பாலாடைபோல் கிளம்பி நின்றது.
ஒரு துண்டு என் பூட்ஸில் விழுந்தது.

அது இருந்த இடத்தில் ஒரு கால் விரல்.
காவிச் சிவப்பு. என் உள்ளங்கை அகலம்.
விரலைச் சுற்றி அலை அலையாய்க் கோடு,
கோட்டுக்குள் மீன், ஒரு விலாங்கு,
குதிகாலைக் கவ்வப் பார்க்கும் நண்டு.
தோளில் பிள்ளையோடு ஆறு கடந்தாரே, அந்த கிறிஸ்தோபர்.
காலையில் அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு
அன்று திடீர்ச் சாவு இல்லை என்று நம்பினார்கள்.
அப்புறம் அரச கட்டளை வந்தது.
ஒரு பையன், ஒரு ஏணி, ஒரு வாளி.
"பழைய கணக்கில் இருக்கிறது," என்றாள்,
"வெள்ளையடித்த கூலி எட்டு பென்னி,
பீருக்கு இரண்டு."

நானூற்றைம்பது வருடம் வறண்டு கிடந்த ஆறு.
இப்போது அதில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது.

"சொன்னால் நிபுணர்கள் வருவார்கள்,
மூன்று வருஷம் சாரம் கட்டுவார்கள்.
சனிக்கிழமை இங்கே ஞானஸ்நானம்,
என் தங்கை மகளின் குழந்தைக்கு."
சொல்லிக்கொண்டே ஓரத்தை நகத்தால் நிமிண்டினாள்.
முழங்கால் தெரிந்தது.
கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முகம் மேலே, எங்கோ.
இன்னொரு மழை பெய்தால் வரும்,
இல்லை, சுவரோடு வரும்.
அண்ணாந்து அண்ணாந்து இருவருக்கும் கழுத்து வலித்தது.
கடற்பக்கம் மறுபடி கறுத்தது.
அவசரத் தார்ப்பாய்க்கு என் கையெழுத்து வேண்டும்.

போட்டேன்.
நான்கு மணிக்கு ஆள் வரும் என்றார்கள்.
அதுவரை மீன்கள் நனைந்துகொண்டிருந்தன.