விசேஷம்: மற்றவை

மூன்றாம் நாள் சாயங்காலம்.
நாலு பேருக்கும் நாலு விதமாகக் கால்வலி.
டோபினை ராட்சத ரயிலில் ஏற்றவில்லை.
வாசலில் நட்டிருந்த அளவுகோலுக்கு
இரண்டு விரற்கடை குறைந்துபோனான்.
"அடுத்த வருஷம் வா, கேப்டன்" என்றாள் சீருடைக்காரி.
அடுத்த வருஷம் என்பது எங்கள் வீட்டில்
இப்போதைக்கு யாரும் எடுக்காத பேச்சு.

ஆர்லாண்டோ விடுதியில், கட்டிலில் குப்புறக் கிடந்து
ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடம் தேடுகிறேன்.
ஓர் இடத்தில் கௌபாய் தொப்பி தருவார்கள், ரொட்டி இலவசம்.
இன்னோர் இடம் ஏரிக்கரையில்; கரடி வேஷக்காரன்
மேசை மேசையாக வந்து கட்டிக்கொள்வான்.
மூன்றாவதற்குப் படத்தில் வெள்ளைத் துணி, மெழுகுவத்தி,
தட்டில் ஒரே ஒரு துண்டு இறைச்சி.
விலை போடவில்லை.
விலை போடாத இடத்தின் விலை
எனக்குத் தெரியாதா?

தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான் லைல்.
கன்சாஸில், வெட்டுக்கூடத்தின் குளிரில், பதினேழு வருடம்
நிமிடத்துக்கு ஆறு மாடு என்று
சங்கிலியில் தொங்கியபடி
அவன் கத்தியைக் கடந்து போயிருக்கின்றன.
அவன் படம் பார்க்கிற விதமே வேறு.
"இது விலா இல்லை, தொடை. பேரை மாத்தி வெச்சிருக்கான்.
இது உறையவெச்சு இளக்கினது, ஓரத்தைப் பாரு."
மூன்றாவதில் விரல் நின்றது.
"இவன் பொய் சொல்லலை."

கணக்குப் போட்டேன்:
நாளைக் காலைப் பலகாரம், மேவ் கேட்ட மந்திரக்கோல்,
கார் நிறுத்தும் காசு,
ஊர் திரும்ப இரண்டு நாள் பெட்ரோல்.
போட்ட கணக்கை அழித்தேன்.

படிவம் விடுகிறதா? நிரப்பாமல் நகராதாம்.
என்ன விசேஷம்?
பிறந்தநாள். திருமண நாள். மற்றவை.
மணிக்கட்டு நரம்புக்கான இழப்பீட்டுக் காசோலை
போன செவ்வாய் வந்து சேர்ந்தது என்பதற்குக்
கட்டம் ஒன்றும் இல்லை.
மற்றவையைத் தொட்டேன்.

உள்ளே அப்படியொரு குளிர்.
தேவதை இறக்கையைக் கழற்றமாட்டேன் என்றாள் மேவ்,
நாற்காலி முனையில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.
சிக்கன் நகெட் உண்டா என்று
கோயிலில் பேசுகிற குரலில் கேட்டான் டோபின்.
எஃப்ரெயின் என்று பேர் குத்தியிருந்த பரிசாரகர்
ஒரு மரப்பெட்டியைத் திறந்து நீட்டினார்:
சிவப்பு வெல்வெட்டில் பன்னிரண்டு கத்திகள்.
"உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எடுக்கலாம், ஐயா."

லைல் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் உரசினான்.
எட்டாவதில் நிறுத்தினான்.
"இதைச் சாணை பிடிச்சவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம்."
எஃப்ரெயின் சிரித்தார்,
அன்று மாலை முதல் தடவையாக, பல் தெரிய.

இறைச்சி வந்தது. புகையும் வெண்ணெயும்.
லைல் கத்தியைப் பிடித்தான்.
மூன்றாம் விரலும் நான்காம் விரலும் மடங்கவில்லை.
மறுபடி பிடித்தான்.
துண்டுதான் தட்டில் நழுவியது.
நான் மெழுகுவத்தியைப் பார்த்தேன்.
டோபின் தன் ஷூவைப் பார்த்தான்.
மேவ் மட்டும் இறக்கை இடிக்க எழுந்து வந்து
தட்டைத் தன் பக்கம் இழுத்து
வெட்டத் தொடங்கினாள், ரம்பத்தால் அறுப்பதுபோல்,
கோணலும் மாணலுமாக, நாரோடு நாராக.

நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும்.
அவன் அதைச் சொல்லவில்லை.
மென்றான்.
ரொம்ப நேரம் மென்றான்.
"எப்படி இருக்கு?" என்றேன்.
"நல்ல மாடு."

பிறகு கேட்காமலே வந்தது ஒரு கேக்,
சாக்லேட்டில் வாழ்த்துகள் என்று எழுதி,
நடுவில் ஒற்றை மெழுகுவத்தி.
சமையற்கட்டிலிருந்து இரண்டு பேர் வந்து கை தட்டினார்கள்.
எஃப்ரெயின் வலக்கையை நீட்டினார்.
லைல் இடக்கையைக் கொடுத்தான்;
அவரும் சட்டென்று கை மாற்றிக்கொண்டார்.

"எதுக்கு வாழ்த்து?" என்றான் டோபின்.

"ஊது" என்றான் லைல்.