மின்விசிறி நிற்கும் வரை

கரும்பலகையில் இரண்டு பாடம், இரண்டு எண்.
இயற்பியல் நான்கு. மின்னணுவியல் இரண்டு.
இடம் போகப்போக டஸ்டரால் அழிக்கிறார் அலுவலர்.
அழித்த இடத்தில் பழைய எண்
லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நானூறுக்கு முந்நூற்று இருபத்தேழு நான்.
எனக்கு முன்னால் ஹாஜிரா.
முதுநகரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம்.
கெடிலம் பாலத்தின் மேல் சொன்னாள்:
"எலக்ட்ரானிக்ஸ்தான்டி. ஓசூர்ல கம்பெனி,
ஹாஸ்டல் அவனே குடுத்துடுறான்."
பாலம் முடிவதற்குள் அவளுக்கு முடிவாகிவிட்டது.
தேவனாம்பட்டினம் வந்து, வரிசையில் நின்று,
கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தும்
எனக்கு இன்னும் அந்தப் பாலம் முடியவில்லை.

விண்ணப்ப நகலின் பின்பக்கம்
கோடு கிழித்து எழுதிப் பார்த்தேன்.
இந்தப் பக்கம்:
துறைமுகத்தில் மீன்காட்டும் கருவி பழுதானால்
சென்னைக்கு அனுப்புகிறார்கள்.
மூன்று வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள்.
இங்கேயே பிரித்துப் பார்க்க ஒருத்தி இருந்தால்
ஒரு கடை, ஒரு ஷட்டர், என் பெயரில் பலகை.
அந்தப் பக்கம்:
அதே கருவி கீழே அனுப்பும் ஒலி
சேற்றைத் தொட்டுத் திரும்புகிறதே,
திரும்பும் அந்த இமைப்பொழுதில் அது
போகிறதா வருகிறதா?
இதற்கு ஷட்டர் கிடையாது.
அதனால் அந்தப் பக்கத்தை அடித்தேன்.
அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினேன்.

ஹாஜிரா கையெழுத்துப் போட்டாள்.
இரண்டு ஒன்றானது.

எனக்குப் பின்னால் நெல்லிக்குப்பத்துப் பையன்.
ஃபைல் உறையில் இளம்பரிதி என்று இருந்தது,
ஆள்காட்டி விரலில் சால்டரிங் சுட்ட தழும்பு.
அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.
என்னை முறைத்திருந்தால்
நானே எடுத்துக்கொண்டிருப்பேன்.

"அடுத்து. சொல்லும்மா, எது?"
வாயைத் திறந்தேன்.
கரண்ட் போனது.

அறை முழுக்க ஒரே "ச்சே".
கணினி கறுத்தது. யுபிஎஸ் இரண்டு தரம்
கத்திப் பார்த்துவிட்டு அடங்கியது.
ஆளுக்கு ஆள் மேஜைக்கடியில் குனிந்தார்கள்.
யாரும் கூப்பிடாமலே அவன் தவழ்ந்து போய்
பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை
என் பேனா மூடியை வாங்கிச் சுரண்டினான்.

நான் அண்ணாந்து
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கரண்ட் போனது அதற்கு இன்னும் தெரியாது.
அல்லது தெரிந்துதான்,
வாங்கி வைத்திருந்த சுழற்சியைச்
சில்லறை சில்லறையாகச் செலவழித்தது.
எண்ணினேன். நாற்பத்தொன்றில் இறக்கைகள் மூன்றாயின.
அறுபத்தெட்டில் நின்றது,
நின்ற பிறகு கடற்காற்றுக்குக் கொஞ்சம் பின்னால் போனது.
எது பிடித்து நிறுத்தியது?
காற்றா, உள்ளே எண்ணெய் வற்றிய குண்டுகளா,
யார் யாருக்கு எவ்வளவு பங்கு?

கீழே பீப் என்றது. கை தட்டினார்கள்.
"சொல்லும்மா, நேரமாவுது."
"இயற்பியல்."
நான்கு மூன்றானது.
மேஜைக்கடியிலிருந்து ஒரு நீள மூச்சு கேட்டது.
பேனா மூடி திரும்பி வரவில்லை.

ரசீதை நாலாக மடித்துக்கொண்டு
ஐஸ் கம்பெனிக்குப் போன் பண்ணினேன்.
கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேல் அப்பா கத்தினார்:
"அதுக்கு வேலை இருக்கா?"
தெரியாதுப்பா என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"சரி. ஐஸ் பாளம் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு,
நடுவுல மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?
பத்தொம்பது வருஷமா பாக்குறேன்,
ஒருத்தனும் சொல்லல. அதக் கேட்டுட்டு வா."
இன்னைக்கு முடியாதுப்பா,
வகுப்பு ஆரம்பிக்கவே
பதினெட்டு நாள் இருக்கு என்றேன்.