இரண்டாம் பாகம், முதல் ராத்திரி

ஜெனிட்டா,
இறங்கி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது.
ஐந்து ரோட்டில் தூறல் விழுந்தால்
ஜாகீர் அம்மாபாளையத்தில் நெட் படுத்துவிடும், உனக்குத் தெரியும்.
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுகொண்டு
ஒரு மணி நேரம் என்னை முறைத்தது.
செங்கோடனுக்கு ஸ்டீல் பிளான்ட்டில் நைட் ஷிப்ட்.
விளக்கை அணைத்தேன், ஹெட்போனை மாட்டினேன்.

முதல் பாகத்தில் நீ குண்டு எண்ணுவாய், நான் சுடுவேன்.
ஹாஸ்டல் மெஸ்ஸின் புளித்த மாவு வாசனையில்தான்
எனக்கு அந்த உலகம் அழிந்தது.
இப்போது எண்ண ஆளில்லை.
முதல் சுரங்கத்திலேயே
ஒரு எலிக்கு ஏழு குண்டு.

இருட்டு நன்றாகத் தேறியிருக்கிறது.
முன்பு கறுப்பு பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கும்,
இப்போது அதற்குள் ஈரம்.
எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது.
எழுந்து போய்
சமையலறைக் குழாயை இறுக்கிவிட்டு வந்தேன்.
அது சொட்டவில்லை.

முகமூடிக் கண்ணாடியில் ரத்தம் தெறித்தால்
துடைக்க ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.
எனக்கு மிகப் பிடித்தது அந்தப் பட்டன்தான்.
சுத்தமாக இருக்கும்போதும் துடைக்கிறேன்.

குறை என்றால், துப்பாக்கிகள் அதிகம்.
எல்லாரும் ஒரே தொண்டையில் பேசுகிறார்கள்.
அப்புறம் அந்தச் சாம்பல் மேடுகள்:
அவற்றைச் செய்ய எத்தனை பேர், எத்தனை வருஷமோ.
மேக்னசைட் பஸ் ஏறி வந்திருக்கலாம்.
என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது,
நிலா வெளிச்சத்தில் வெள்ளைக்கல் குவியல்,
அதன்மேல் ஒரு நாய்.

கதிர்வீச்சு மானி டிக் டிக் என்கிறது.
பன்னிரண்டு வருஷமாக என் கோட்டில் குத்தியிருக்கும் பட்டை
ஒரு வார்த்தை பேசியதில்லை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அனுப்புவோம்,
ஒரு தாள் வரும்.
என் பெயர், அதற்கு நேரே ஒரு சிறிய எண்.
சரி, வேலைக்குப் போ என்று அர்த்தம்.

நாலாவது கட்டத்தில் மேலே வந்தேன்.
தண்டவாளத்தில் கவிழாமல் நிற்கும் ஒரு ரயில் பெட்டி,
யாரோ குடியிருந்த பெட்டி.
ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில்
எக்ஸ்ரே பிலிம் ஒட்டியிருந்தது.
மார்பு. நின்றபடி எடுத்தது.

துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.
காறை எலும்பில் பழைய முறிவு,
கூடியிருக்கிறது, கொஞ்சம் கோணலாக.
இதைக் கற்பனையில் வரைய முடியாது ஜெனிட்டா.
எங்கோ ஒருத்தர் சைக்கிளிலிருந்து விழுந்த தோள் இது.
எல் எழுத்து மட்டும் திரும்பியிருந்தது,
இதயம் வலப்பக்கம்,
புதுப் பையன்கள் லைட்பாக்ஸில் செருகுகிற மாதிரி.
"டேய்" என்றேன் திரையைப் பார்த்து.
அதற்குள் பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள்.

மறுபடி வந்தேன். மறுபடி சுட்டார்கள்.
மூன்றாம் முறை
பெட்டியை விட்டு வெளியே இறங்கினேன்.
பில்டரில் நாற்பது நொடி.
பனி முழங்கால் வரை,
ஏற்காட்டு மூடுபனி இல்லை, இறுகிக் கிடக்கும் பனி,
ஒவ்வொரு அடிக்கும் கடிக்கிற சத்தம்.
சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

உள்ளே விளக்கு எரிந்தது.
எல் நேராக நின்றது.
இதயம் இருக்க வேண்டிய பக்கம்.
உள்ளே இருப்பவர்களுக்காக ஒட்டியதில்லை,
பனியில் நிற்கிற யாருக்கோ.

பதினொரு நொடி.
கண்ணாடி வியர்த்தது, துடைத்தேன்.
எட்டு.
ஓடியிருக்கலாம்.

மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.
மஸ்கட்டில் இப்போது மணி என்ன?
இங்கே நாலரை. ஏழு மணிக்கு முதல் ஆள் வருவார்.
மூச்சை இழுத்து அப்படியே பிடிங்க என்று
தினமும் நாற்பது பேரிடம் சொல்கிறேன்.
நேற்று ஒருவரிடம்
விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டேன்.
அவர் பிடித்துக்கொண்டே நின்றார்.